கூலிக்காரர் இதயமும் குடும்பத்தலைவி இதயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ முகாம்களில் பெயர் எழுதிக்கொடுக்க, வரிசையை ஒழுங்குபடுத்த என்று உதவிக்குப் போவது என் வழக்கம். நான் மருத்துவர் இல்லை. பிரஷர் பார்க்க நிற்பவர்கள் காத்திருக்கும் நேரத்தில் இதயநோய் பற்றிக் கேட்கும் கேள்விகளைக் குறித்துவைத்துக்கொண்டு, ஆய்வுகளைப் படித்தும் மருத்துவர்களிடம் விசாரித்தும் எழுதிய பதில்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மாரடைப்பு பணக்கார வியாதிதானே? உழைக்கிற எங்களுக்கு எதற்கு வரப்போகிறது?

ஒரு காலத்தில் இதில் கொஞ்சம் உண்மை இருந்தது. நெய்யும் சிகரெட்டும் காரும் முதலில் வசதியானவர்களைத்தான் எட்டின. அப்புறம் பீடி, சிகரெட், பாக்கெட் தின்பண்டம், மலிவு எண்ணெய், உட்கார்ந்து செய்யும் வேலை எல்லாம் கீழே இறங்கி வந்துவிட்டன. வசதியானவர்கள் அதற்குள் நடைப்பயிற்சிக்கும் வருடாந்திரப் பரிசோதனைக்கும் மாறிவிட்டார்கள்.

சர்க்கரை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று 15 மாநிலங்களில் எடுத்த கணக்கெடுப்பு 2017-ல் வெளியானது. வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில் வசதியானவர்களைவிட வசதி குறைந்தவர்களிடம்தான் சர்க்கரை அதிகம் என்று அது காட்டியது. சர்க்கரை போகும் இடத்துக்கு இதயநோயும் பின்னாலேயே வரும்.

உலக அளவிலும் இதே கதைதான். 17 நாடுகளில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் தொடர்ந்து கவனித்த 'ப்யூர்' ஆய்வு 2014-ல் ஒரு வினோதத்தைச் சொன்னது. கொழுப்பு, பிரஷர், புகை, உடல்பருமன் எல்லாவற்றையும் கூட்டி மதிப்பெண் போட்டால் பணக்கார நாட்டவருக்குத்தான் ஆபத்து அதிகம். ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு போன்றவை அங்கே ஆண்டுக்கு ஆயிரத்தில் 4 பேருக்கு. இந்தியா உள்ளிட்ட ஏழை நாடுகளில் 6-க்கும் மேல். ஆபத்து கம்மியாக இருப்பவர்களுக்குப் பாதிப்பு அதிகம். இந்த முடிச்சைத்தான் மற்ற கேள்விகளில் அவிழ்க்கப் பார்க்கிறேன்.

ஏழை என்றால் பட்டினி, குடிசை. மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு இது பொருந்தாதே?

பொருந்தும். இதற்கு நல்ல உதாரணம் லண்டனில் இருக்கிறது. 1967-ல் பிரிட்டிஷ் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த ஆண்கள் சுமார் 18,000 பேரைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அலுவலகங்கள் இருந்த தெருவின் பெயரால் அதற்கு ஒயிட்ஹால் ஆய்வு என்று பெயர். இவர்களில் யாரும் பட்டினி கிடப்பவர் இல்லை. எல்லோருக்கும் நிரந்தர வேலை, ஓய்வூதியம், இலவச மருத்துவம். அப்படியிருந்தும் கடைநிலைப் பணியாளர்கள் இதயநோயால் இறந்தது உயரதிகாரிகளைப் போல 3 மடங்குக்கு மேல். நடுவில் இருந்தவர்கள் நடுவில் இருந்தார்கள். படிக்கட்டு மாதிரி, ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆபத்து ஒரு படி ஏறியது.

1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் பெண்களையும் சேர்த்தார்கள். மொத்தம் 10,308 பேர், மூன்றில் ஒருவர் பெண். அதை வழிநடத்திய மைக்கேல் மார்மட் குழு கண்டுபிடித்ததில் முக்கியமானது இது: வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் தனக்கு எந்தப் பேச்சும் இல்லாதவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, இதயநோய் அதிகம் வந்தது. வேலைப்பளு மேலதிகாரிக்கும் உண்டுதான். ஆனால் அவர் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்ல முடியும். கீழே இருப்பவர் சொல்ல முடியாது.

சிறுநீர் கழிக்கக்கூட மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கும் தையல் ஆலைப் பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

குடிக்கிறார்கள், புகைக்கிறார்கள், அதனால் வருகிறது. இதில் ஏழ்மையை ஏன் இழுக்க வேண்டும்?

வரிசைக்கு வெளியே நிற்பவர்கள்தான் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். புகையிலையின் பங்கை மறுக்கவே முடியாது. பீடிக்கும் சிகரெட்டுக்கும் இதயம் வித்தியாசம் பார்ப்பதில்லை. வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் மாரடைப்பு ஆபத்தை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்குகிறது என்று 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு சொல்கிறது. பீடி பிடிக்காத பாட்டிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. ஒயிட்ஹாலில் புகை, பிரஷர், கொழுப்பு, எடை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோதும் மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் இடையே இருந்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல் அப்படியே நின்றது. ப்யூர் ஆய்வின் 2019 அறிக்கை இன்னும் நேராகப் பேசியது. ஏழை நாடுகளில் படிப்பு குறைந்தவர்களுக்கு இந்தப் பழக்கவழக்க ஆபத்துகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தன. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் படித்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வந்தன. கிடைத்த சிகிச்சையில்தான் பெரிய இடைவெளி.

பழக்கத்துக்கும் ஒரு பின்னணி உண்டு. இரவு முழுக்க லாரி ஓட்டுபவர் தூக்கத்தை விரட்டப் புகைக்கிறார். அதைச் சுட்டினால் "சாக்கு" என்பார்கள். காரணம் தெரியாமல் பழக்கத்தை மாற்ற முடியாது என்பது என் எண்ணம்.

இந்தியாவில் ஏழை, பணக்காரர் என்று பிரித்து யாராவது கணக்கெடுத்திருக்கிறார்களா?

எடுத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்திலுள்ளதில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளுக்கு மாரடைப்போடும் அதை ஒட்டிய நிலையோடும் வந்த 20,468 பேரைப் பதிவுசெய்த 'கிரியேட்' ஆய்வு 2008-ல் வெளியானது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் வசதியானவர்களில் 100-க்கு 5.5 பேர், ஏழைகளில் 8.2 பேர். ஏன் என்று தேடினார்கள். வயது, சர்க்கரை, புகை என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து பார்த்தும் வித்தியாசம் போகவில்லை. கொடுத்த சிகிச்சையைக் கணக்கில் சேர்த்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது. அதாவது ஏழையின் இதயம் கெட்டுப்போன விதத்தில் எந்தத் தனித்தன்மையும் இல்லை. அதே மாத்திரையும் அதே ஊசியும், குழாய் அடைப்பைப் பார்த்துத் திறக்கும் அதே ஆஞ்சியோவும் கிடைத்திருந்தால் அவரும் அதே அளவு பிழைத்திருப்பார்.

அதே ஆய்வில் இன்னொரு எண். வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை வாசலை மிதிக்கப் பாதிப் பேருக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ ஆனது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முதல் ஓரிரு மணி நேரம்தான் பொன்னான நேரம். 12 மணி நேரம் தாண்டினால் பெரிதாகப் பயனில்லை.

இந்த 6 மணி நேரம் எங்கே போகிறது? வாடகை வண்டிக்குக் கடன் கேட்பதில் போகிறது. ஊரில் இருக்கும் ஊசி போடுபவரிடம் முதலில் காட்டுவதில் போகிறது. சின்ன மருத்துவமனை, அங்கிருந்து நடுத்தர மருத்துவமனை, அங்கிருந்து பெரியாஸ்பத்திரி என்று அலைவதில் போகிறது. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால் பொள்ளாச்சிக்கு 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு. சென்னையிலும் இதே கதை உண்டு. நகரின் நடுவில் ஆற்றோரம் குடியிருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றியபோது வீட்டோடு சேர்த்து பெரியாஸ்பத்திரிக்கும் அவர்களுக்கும் இருந்த தூரமும் மாறியது. நடந்து போகும் தூரம் சுமார் 20 கிலோமீட்டர் ஆனது.

பெண்களுக்கு இந்த வித்தியாசம் கூடுதலா, குறைவா?

கூடுதல். 2 கோடியே 20 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தகவல்களைப் பல கண்டங்களிலிருந்து திரட்டி ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் நிறுவன ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்டார்கள். படிப்பு குறைந்தால் இதயநோய் ஆபத்து ஆணுக்கும் ஏறுகிறது, பெண்ணுக்கும் ஏறுகிறது. பெண்ணுக்கு ஏறுவது 24 சதவீதம் அதிகம். பக்கவாதத்தில் இந்த வேறுபாடு தெரியவில்லை, இதயத்தில்தான் தெரிந்தது.

ஏன் என்பதற்கு ஒரே பதில் இல்லை. நம் ஊரில் கண்ணால் பார்ப்பவற்றைச் சொல்கிறேன்.

வீட்டில் ஒருவருடைய பிரஷர் மாத்திரைக்கு மட்டும் காசு இருந்தால் அது பெரும்பாலும் சம்பாதிக்கும் ஆணுக்குப் போகிறது. அதில் கொடுமைக்காரர் யாரும் இல்லை. "அவரு படுத்தா அடுப்பு எரியாதுல்ல" என்று அவர் மனைவியே சொல்வார். அவரும் சித்தாள் வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பவர்தான் என்பதை அவரே மறந்துவிடுகிறார்.

சாப்பாடும் அப்படியே. கடைசியாகச் சாப்பிடுபவருக்கு மீந்தது சோறும் குழம்பின் அடியும் ஊறுகாயும். காய், முட்டை முன்னாலேயே தீர்ந்திருக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தச்சோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதே கணக்கெடுப்பில் சுமார் 40 சதவீதம் பெண்களுக்கு உடல் எடை அதிகம். ரத்தம் குறைவு, எடை அதிகம். இரண்டும் ஒரே உடம்பில் இருப்பது முரண் மாதிரித் தெரியலாம். சோறு நிறைய, சத்து குறைய என்றால் அப்படித்தான் ஆகும்.

அப்புறம் நேரம். காலை 4 மணிக்குத் தண்ணீர் பிடிப்பதில் தொடங்கி இரவு 10 மணிக்குப் பாத்திரம் கழுவுவதில் முடியும் நாளில் "தினமும் 30 நிமிடம் வேகமாக நடங்கள்" என்ற அறிவுரையை எங்கே நுழைப்பது? விறகடுப்புப் புகையும் ஒரு புகைதான். எரிவாயு இணைப்பு இருந்தும் சிலிண்டர் விலைக்குப் பயந்து வெந்நீருக்கு விறகு எரிக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அந்தப் புகை நுரையீரலோடு நிற்காது, ரத்தக் குழாயையும் தொடும்.

மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு மாரடைப்பு வராது என்கிறார்களே?

குறையும். வராது என்று சொல்ல முடியாது. சர்க்கரை இருக்கும் பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட 5 ஆண்டுக்கு மேல் முன்னதாக, பாதிப் பேருக்கு 53 வயதுக்குள்ளேயே, வருகிறது என்று இன்டர்ஹார்ட் தகவல்கள் காட்டுகின்றன.

இங்கே இரண்டு விஷயம் முக்கியம். முதலாவது, கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறி வலிப்பு வரைக்கும் போனவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. பிரசவம் முடிந்ததும் அந்தப் பேச்சும் முடிந்துவிடுகிறது. 15 ஆண்டு கழித்து மருத்துவரிடம் போகும்போது இதைச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

இரண்டாவது, கருப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சை. 2019-ல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் ஆயிரக்கணக்கான பெண்கள் இளம் வயதிலேயே கருப்பையை எடுத்துக்கொண்டது பெரிய செய்தியானது. மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலி பிடித்தம், அபராதம் என்ற நெருக்கடி அதற்குப் பின்னால் இருந்தது. கருப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டால் 30 வயதிலேயே மாதவிடாய் நின்ற உடம்பு ஆகிவிடும், இதய ஆபத்தும் சேர்ந்து ஏறும். ஒரு நாள் கூலிக்கும் இதயத்துக்கும் இப்படி ஒரு பாதை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

பெண்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வருமா?

பெண்களிலும் பெரும்பாலானோருக்கு நெஞ்சில் வலியோ அழுத்தமோ இருக்கும். அதோடு மூச்சிரைப்பு, காரணமில்லாத அசதி, குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி ஆகியவை ஆண்களைவிட அதிகமாகச் சேர்ந்து வரும். சிலருக்கு, குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, வலி மங்கலாகவே இருக்கும்.

என் பெரியம்மா ஒரு நாள் மாலை முதுகுவலி, நெஞ்சு கரிக்கிறது என்றார். ஓமத்தண்ணீர் கொடுத்தோம். பக்கத்து மருத்துவமனையில் வாயு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். இ.சி.ஜி. எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லிக் கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். பிழைத்துக்கொண்டார், ஆனால் ரத்தத்தைத் தள்ளும் இதயத்தின் சக்தி பாதியாகிவிட்டது. அதன்பின் மாடிப்படி ஏறியதில்லை.

ஆண் நெஞ்சைப் பிடித்தால் மாரடைப்பு, பெண் நெஞ்சைப் பிடித்தால் வாயு. வீட்டிலும் இந்த எண்ணம் உண்டு, சில சமயம் வெள்ளைக் கோட்டுக்குள்ளும் உண்டு. "ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடலாமா?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். எந்த மருத்துவரும் இதற்குக் கோபப்படக் கூடாது.

நாள் முழுக்க மூட்டை தூக்குகிறேன். இதைவிட உடற்பயிற்சி வேண்டுமா?

பாரம் தூக்குவதும் நடைப்பயிற்சியும் ஒன்றில்லை. மூட்டை தூக்கும்போது மூச்சை அடக்குகிறோம், பிரஷர் சட்டென்று ஏறி இறங்குகிறது. ஓய்வு நம் விருப்பத்துக்குக் கிடைப்பதில்லை. வெயிலில் தண்ணீர் இல்லாமல் 8 மணி நேரம் உழைப்பதும் நடைப்பயிற்சி ஆகாது. உழைப்பாளிக்கு உழைப்பே போதும், பிரஷர் பார்க்கத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்களுக்குக் கூடுதல் பயிற்சியைவிடத் தூக்கமும் பிரஷர் கணக்கும்தான் அவசரம்.

ரேஷன் அரிசியும் பாமாயிலும்தான் எங்கள் சமையல். என்ன செய்வது?

ரேஷன் அரிசி பசியை ஒழித்தது. அதைக் குறை சொல்பவர்கள் பசியைப் பார்க்காதவர்கள். கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு கொடுப்பதும் தமிழ்நாட்டுக் கடைகளின் பெருமைதான். பிரச்சினை, அந்தப் பருப்பைவிட லிட்டர் 25 ரூபாய் பாமாயில் சமையலறையில் அதிகம் புழங்குவது. பாமாயிலில் ஏறக்குறைய பாதி, குழாயில் படியும் வகைக் கொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. விலை வித்தியாசம் தெரிந்தே சொல்கிறேன்: எண்ணெயை மாற்ற முடியாவிட்டால் அளவைக் குறையுங்கள், ஒரு முறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.

காசே செலவாகாத மாற்றம் உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பு, ரசம், அப்பளம், கருவாடு, ஊறுகாய் சேர்ந்தால் அது மத்தியானமே தாண்டிவிடும். காய்க்குக் காசு இல்லாத வீட்டில்தான் ஊறுகாய் காயின் வேலையைப் பார்க்கிறது. முருங்கைக்கீரை பெரும்பாலான தெருக்களில் ஓசியில் கிடைக்கிறது. ஊறுகாயை அரைக்கரண்டி ஆக்கிவிட்டு அந்த இடத்தில் கீரையை வையுங்கள்.

கடன் தொல்லையால் மாரடைப்பு வரும் என்பது சும்மா பேச்சா?

சும்மா பேச்சில்லை. பணக் கவலை, வேலையில் நெருக்கடி, வீட்டுச் சண்டை, சோகம் இவற்றைச் சேர்த்து மன அழுத்தத்தை முக்கிய ஒன்பது காரணங்களில் ஒன்றாக இன்டர்ஹார்ட் வைத்தது. கவலை நீடிக்கும்போது உடம்பு எப்போதும் சண்டைக்குத் தயாராக நிற்பதுபோல் இருக்கிறது. நாடி ஏறுகிறது, பிரஷர் ஏறுகிறது, சர்க்கரை ஏறுகிறது, தூக்கம் போகிறது.

நம் ஊரில் இந்தச் சுமையின் ஒரு பெரிய பகுதி பெண் பெயரில் இருக்கிறது. குழுக் கடன் அவர் கையெழுத்தில், வாரத் தவணை அவர் பொறுப்பில். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும், அதனால் வசூலிப்பவருக்கு முன்னால் அண்டை வீட்டுக்காரிதான் கதவைத் தட்டுவார். பணம் எடுத்துச் செலவழித்தது கணவராகவோ மகனாகவோ இருக்கலாம். தவணை நாளுக்கு முந்தைய இரவு பிரஷர் பார்த்தால் என்ன இருக்கும் என்று யோசித்திருக்கிறேன்.

ஆண்களுக்கு வேறு மாதிரி. வேலை போன ஆண் வெளியில் சொல்லாமல் காலையில் கிளம்பிப் போய் மாலையில் திரும்புகிறார். வெட்கத்தை மதுவில் கரைக்கிறார். மருத்துவரிடம் போவதே கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்.

ஏழைக் குழந்தைக்குப் பிறக்கும்போதே இந்த ஆபத்து ஒட்டிக்கொள்ளுமா?

ஓரளவுக்கு ஒட்டும். மைசூரில் ஒரு மிஷன் மருத்துவமனை 1934 முதலே பிறந்த குழந்தைகளின் எடையைப் பத்திரமாக எழுதி வைத்திருந்தது. பல ஆண்டு கழித்து அந்தக் குழந்தைகளில் 517 பேரைத் தேடிப்பிடித்து இதயத்தைச் சோதித்தார்கள். 1996-ல் வந்த அந்த ஆய்வின்படி, 45 வயது தாண்டியவர்களில் இரண்டரைக் கிலோவும் அதற்குக் கீழும் பிறந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கு இதயநோய் இருந்தது. 3.1 கிலோவும் அதற்கு மேலும் பிறந்தவர்களில் 3 சதவீதத்தினருக்கு மட்டும். கர்ப்பிணி அரை வயிற்றோடு களை எடுத்ததன் கணக்கு, ஐம்பது ஆண்டு கழித்து அவர் பிள்ளையின் நெஞ்சில் வருகிறது.

எடை குறைந்து பிறந்ததாலேயே தலைவிதி முடிவாகிவிடாது. அவர்கள் 30 வயதிலிருந்தே பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைக்குத் தொண்டை வலி, அப்புறம் மூட்டு வீக்கம். இதற்கும் இதயத்துக்கும் என்ன?

நிறைய. ஒருவகைத் தொண்டைக் கிருமியால் வரும் வாதக் காய்ச்சல் மூட்டுகளை நக்கிவிட்டு இதய வால்வைக் கடிக்கும் என்று மருத்துவ மாணவர்கள் படிப்பார்கள். ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் வீடுகளில் இது எளிதாகப் பரவும். வீடும் வாழ்க்கையும் வசதியான நாடுகளில் ஏறக்குறைய மறைந்தே போன நோய் இது. பெண்களையே அதிகம் பாதிக்கிறது. பலருக்குக் கர்ப்பமான பிறகு, மூச்சு வாங்கும்போதுதான் வால்வு சுருங்கியிருப்பது தெரிகிறது. ஒரு முறை வந்தவர்கள் 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசியைப் பல ஆண்டு தொடர்ந்தால் மறுபடி தாக்காமல் தடுக்கலாம். ஊசி மலிவு. வலிக்கும் என்று பிள்ளை அழுவதாலும் பேருந்துச் செலவாலும்தான் விட்டுப்போகிறது.

பிரஷர், சுகர் மாத்திரை அரசு மருத்துவமனையில் சும்மாதானே கிடைக்கிறது? பிறகு ஏன் பாதியில் விடுகிறார்கள்?

மாத்திரை சும்மா கிடைக்கிறது, வாங்கப் போகும் நாள் சும்மா கிடைப்பதில்லை. வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. இதைப் புரிந்துகொண்டுதான் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல யோசனை. ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லை. அதனால் பின்னால் வேலை நடக்கும் இடங்களுக்கும் அதை நீட்டினார்கள். உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பகுதி சுகாதாரச் செவிலியரிடமோ தன்னார்வலரிடமோ கேளுங்கள்.

இன்னொரு காரணம், பிரஷர் வலிக்காது. வலிக்காத நோய்க்கு மாத்திரை தின்பது யாருக்கும் கடினம்தான்.

மாரடைப்பு வந்துவிட்டால் கையில் காசில்லாமல் பிழைக்க முடியுமா?

முடியும், நேரத்தை விடாமல் இருந்தால். 108 ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. வாடகை வண்டி தேடுவதைவிட இது நல்லது, ஏனென்றால் சரியான மருத்துவமனைக்குப் போவார்கள். தூரமான ஊர் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில், துணை நிலையத்தில்கூட, 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து மேலே அனுப்புவார்கள்.

சின்ன மருத்துவமனைகளையும் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸாலும் இ.சி.ஜி.யாலும் இணைத்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை சோதித்தார்கள். 2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் இணைப்பதற்கு முன் 17.6 சதவீதம், பின் 14.2 சதவீதம். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை, இருந்ததை ஒழுங்காகக் கோத்தார்கள்.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டையை நல்ல நாளிலேயே வாங்கி வையுங்கள். மனைவி, பிள்ளைகள் பெயர் அதில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ரேஷன் அட்டையில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருந்து அவசரத்தில் அலைந்தவர்கள் உண்டு. அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்தான் ஸ்டென்ட். மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்த பிறகு விலை வெகுவாக இறங்கியது. தனியாரில் ஸ்டென்ட்டுக்கு என்று லட்சக்கணக்கில் கேட்டால், ரசீதில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்டென்ட் வைத்த பிறகு எப்போது வேலைக்குப் போகலாம்? வீட்டில் உட்கார்ந்தால் யார் சோறு போடுவார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கொத்தனார், வயது 48. நாற்காலி வேலை என்றால் இதயம் அதிகம் பாதிக்காதவர்கள் சில வாரங்களில் போகலாம். சாரத்தில் ஏறி செங்கல் தூக்குபவருக்கு அதைவிட நாள் ஆகும். எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து, நடக்கவிட்டு, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளைப் பொதுவாக ஓராண்டு, சிலவற்றை ஆயுள் முழுக்க, ஒரு நாள்கூட விடக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே அடைக்கலாம்.

அவர் 15-ஆவது நாளே சிமென்ட் கலவை தூக்கப் போய்விட்டார். காப்பீட்டு அட்டை சிகிச்சைக்குக் கொடுத்தது, உட்கார்ந்திருந்த நாட்களின் கூலியைக் கொடுக்கவில்லை. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருந்தால் என்னென்ன கிடைக்கும் என்று கேட்கச் சொன்னேன். புதுப்பித்து நான்கு வருடம் ஆகிறது என்றார். அந்த அட்டையைப் புதுப்பிக்கத்தான் இந்த வாரம் அவரோடு போகிறேன். அவர் மனைவியையும் வரச் சொல்லியிருக்கிறேன், பக்கத்திலேயே பிரஷர் பார்க்கும் இடம் இருக்கிறது. இதுவரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லையாம்.